காதும் காலும்

"பாசி எடுத்து வந்தாச்சு, அப்பத்தா!" என்கிறான் பாம்பனில் ஒரு பேரன். "பாதிதானா? மீதி எங்கே?" என்று கேட்கிறார் அப்பத்தா. வீடே சிரிக்கிறது; அவர் மட்டும் சிரிப்பதில்லை. நாளடைவில் பேச்சுக்கே வராமல் திண்ணையில் ஒதுங்கிவிடுகிறார்.

மாணவர்களே, அவர் காதில் விழாமல் போனது 'ச' என்ற ஒலி மட்டுமே. 'ஆ', 'ஓ' போன்ற உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் வலுவாக ஒலிப்பவை. 'ச'வின் சீறலோ மெல்லியது; அதன் அதிர்வெண் சில ஆயிரம் ஹெர்ட்ஸ். உட்செவியில் சங்குபோல் சுருண்ட குழல் ஒன்று உண்டு. அதன் வாயிலருகே உள்ள மயிர்ச்செல்கள்தாம் உயர்ந்த அதிர்வெண்களை உணர்கின்றன. முதுமையில் முதலில் நலிபவை இவையே. விசைப்படகின் டீசல் எஞ்சின் அருகே ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவர்களுக்கு இந்த நலிவு முன்னதாகவே வந்துவிடலாம். அழிந்த செல் மீண்டும் முளைப்பதில்லை. உரக்கக் கத்தினாலும் பயனில்லை. உயிரொலிதான் பெரிதாகுமே தவிர, 'ச' அந்த அளவுக்குப் பெரிதாகாது.

காது மிஷின் செய்வது வேறு. எந்த அதிர்வெண்ணில் குறை இருக்கிறதோ, அங்கே அதிகமாகப் பெருக்கிக் கொடுக்கிறது. 20 டெசிபல் பெருக்கம் என்றால் ஒலிச்செறிவு 100 மடங்கு! ஆகவே செவித்திறனை அளந்து பார்க்காமல் கடையில் வாங்கி மாட்டுவது, அடுத்தவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொள்வது போலத்தான்.

இதற்கும் காலுக்கும் என்ன தொடர்பு? காது மந்தமானவர் வெளியே போவதைக் குறைக்கிறார். நடை குறைய, தசை மெலிகிறது. எடை குறைதல், களைப்பு, கைப்பிடி தளர்தல், நடை மெதுவாதல், நடமாட்டம் குறைதல் ஆகிய ஐந்தில் மூன்று இருந்தால் அது 'முதுமைத் தளர்ச்சி' என்று 2001இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வரையறுத்தனர். 25 டெசிபல் கேள்விக்குறை உள்ளவர்கள் கீழே விழும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்று அந்நாட்டின் 2012ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று கூறியது.

ஆனால் மரமும் நிழலும் சேர்ந்திருப்பதால், நிழல்தான் மரத்தை நட்டது என்று சொல்லலாமா? அதனால் 70 முதல் 84 வயதுவரையுள்ள 977 பேரை அங்கே மூன்றாண்டுகள் கவனித்தனர். ஒரு பிரிவினருக்குக் காது மிஷினும் பயிற்சியும்; மற்றவர்களுக்கு உடல்நலப் பாடங்கள் மட்டும். 2025இல் வெளிவந்த கணக்கின்படி, முதற்பிரிவினர் விழுந்த தடவைகள் சராசரியாக 27 சதவீதம் குறைவு. தளர்ச்சியையே இது தடுக்கும் என்பதற்குச் சான்று இன்னும் போதாது.

வசதியற்ற முதியோருக்கு, 2017இல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் காது மிஷின் இலவசமாகவே கிடைக்கிறது. கிடைத்தும் பலர் அதைப் பெட்டியிலேயே வைத்துவிடுகிறார்கள். முதல் சில வாரம் பாத்திரச் சத்தம்கூட இடியாகக் கேட்கும். மூளை பழக வேண்டும். அமைதியான அறையில், நாளுக்கு ஒரு மணி நேரம் என்று தொடங்கலாம். உப்புக்காற்றும் வியர்வையும் நம் கடற்கரையில் கருவிக்குப் பகை. இரவில் அதைக் கழற்றித் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். துத்தநாக பாட்டரியை மட்டும் வெளியே எடுத்துவிடுங்கள். அது காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு இயங்குவது, மிகுந்த வறட்சி அதற்கு ஆகாது.