இரண்டே எழுத்து... அர்த்தம் தலைகீழ்!



நான் ஆங்கிலப் பாடம் நடத்திய காலத்தில், ஏழாம் வகுப்பில் 'என் அப்பா' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு மாணவனின் அப்பா, மண்டியில் மூட்டை தூக்குபவர். விடியற்காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். அவரைப் பற்றி அவன் ஆசையாக எழுதியிருந்த வரி இது: 'மை ஃபாதர் ஹார்ட்லி வொர்க்ஸ்.'

'அப்பா கடுமையாக உழைக்கிறார்' என்று சொல்லத்தான் நினைத்தான். ஆனால், அவன் எழுதியதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? 'அப்பா வேலையே செய்வதில்லை என்றே சொல்லலாம்!' இதைச் சொன்னதும் அவன் முகம் வாடிவிட்டது.

தவறு எங்கே வந்தது? 'ஸ்லோ' என்பதுடன் எல்.ஒய். சேர்த்தால் 'ஸ்லோலி' என்ற வினையுரிச்சொல் கிடைக்கிறது. 'குயிக்', 'குயிக்லி' ஆகிறது. அதே போல 'ஹார்ட்' என்பதும் மாறும் என்று அவன் நினைத்துவிட்டான். ஆனால், 'ஃபாஸ்ட்' போலவே 'ஹார்ட்' என்ற சொல்லும் மாறாமல் அப்படியே வினையுரிச்சொல்லாக வரும்.

'ஹார்ட்லி' வேறு சொல். அதற்கு 'அநேகமாக இல்லை' என்று பொருள். முன்பு அதற்குக் 'கஷ்டப்பட்டு' என்ற பொருளும் இருந்தது. சாமுவேல் ஜான்சன் 1755ல் வெளியிட்ட அகராதியில்கூட அந்தப் பொருளைக் காணலாம். கஷ்டப்பட்டு நடப்பது பெரும்பாலும் நடப்பதே இல்லை அல்லவா? இப்படித்தான் பொருள் மெல்ல மாறிப்போனது.

நினைவில் வைக்க இரண்டு குறிப்புகள்:

1. தமிழில் 'கடுமையாக உழைக்கிறார்' என்று வினைக்கு முன்னால் சொல்கிறோம். ஆங்கிலத்தில் 'ஹார்ட்' வினைக்குப் பின்னால் வரும். 'ஹார்ட்லி' பெரும்பாலும் முன்னால் வரும்.

2. 'ஹார்ட்லி' என்ற சொல்லுக்குள்ளேயே 'இல்லை' ஒளிந்திருக்கிறது. அதனால், அதனுடன் 'நாட்' சேர்க்கக் கூடாது.

'லேட்', 'லேட்லி' என்பவையும் இப்படித்தான். 'லேட்' என்றால் தாமதமாக. 'லேட்லி' என்றால் சமீப காலமாக.

அந்த மாணவன் என்ன செய்தான்? அந்த வரியை அடித்துவிட்டு, 'மை ஃபாதர் வொர்க்ஸ் ஹார்ட்' என்று திருத்தி எழுதினான். அன்று மாலையே நோட்டை அப்பாவிடம் காட்ட எடுத்துப் போனான்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. 'இட் ரெயின்டு ஹார்ட்', 'இட் ஹார்ட்லி ரெயின்டு'. இந்த இரண்டில் எந்த நாளில் குடை தேவைப்பட்டிருக்கும்? யோசித்துச் சொல்லுங்கள், பார்ப்போம்!