கவுச்டிபி – பவுச்டிபி ஒத்திசைவு

கவுச்டிபி – பவுச்டிபி ஒத்திசைவு என்பது, இணைய இணைப்பு இல்லாதபோதும் இயங்கும் வலைச் செயலிகள், பயனரின் உலாவியில் உள்ள தரவுத்தளத்தைத் தொலைவிலுள்ள வழங்கியின் தரவுத்தளத்துடன் ஒன்றுபடுத்தப் பயன்படுத்தும் முறைகளுள் ஒன்றாகும். இவ்வகைச் செயலியில் பயனர் எழுதுவது முதலில் அவரது கருவியிலேயே சேமிக்கப்படுகிறது. இணைப்பு கிடைக்கும்போது மாற்றங்கள் இரு திசையிலும் பரிமாறப்படுகின்றன. மாற்றங்களை அனுப்புவது ஓரளவு எளிய வேலை. ஒரே ஆவணத்தை இருவர் தனித்தனியே மாற்றிவிட்டால் என்ன செய்வது என்பதே இதில் உள்ள சிக்கலாகும்.

தோற்றம்

கவுச்டிபியை டேமியன் காட்ஸ் 2005 இல் உருவாக்கத் தொடங்கினார். இவர் அதற்கு முன் லோட்டஸ் நோட்ஸ் மென்பொருளில் பணியாற்றியவர். 1989 இல் வெளியான லோட்டஸ் நோட்ஸ், தொலைபேசி இணைப்பு வழியாக அவ்வப்போது மட்டும் தொடர்புகொள்ளும் கணினிகளிடையே தரவுத்தளப் படிகளை ஒன்றுபடுத்தும் வசதியைக் கொண்டிருந்தது. இணைப்பு அறுந்திருப்பதை இயல்பான நிலையாகக் கொள்ளும் பார்வை அங்கிருந்தே கவுச்டிபிக்கு வந்தது எனலாம். 2008 இல் கவுச்டிபி அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் முதல்நிலைத் திட்டமானது. பவுச்டிபி அதே நெறிமுறையைப் பின்பற்றி உலாவிக்குள் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் ஆகும். தரவுகளைச் சேமிக்க இது பெரும்பாலும் உலாவியின் இன்டெக்ஸ்டு டிபி வசதியைப் பயன்படுத்துகிறது.

செயல்படும் விதம்

ஒவ்வோர் ஆவணத்திற்கும் ஓர் அடையாளமும் ஒரு திருத்தக் குறியும் உண்டு. திருத்தக் குறியில் முதலில் வரும் எண், ஆவணம் எத்தனையாவது திருத்தத்தில் உள்ளது என்பதைக் காட்டும். அதனைத் தொடர்ந்து வரும் நீண்ட எழுத்துச் சரம் அத்திருத்தத்தைப் பிறவற்றிலிருந்து வேறுபடுத்தும். ஒரு திருத்தம் எந்தத் திருத்தத்திலிருந்து தோன்றியது என்ற வழித்தடமும் உடன் வைக்கப்படுவதால், ஆவணத்தின் வரலாறு ஒரு மரம் போல் கிளைக்க இயலும்.

ஒத்திசைவு தொடங்கும்போது, இரு தரப்பும் கடைசியாக எதுவரை பரிமாறிக்கொண்டன என்ற குறிப்பு முதலில் படிக்கப்படுகிறது. அதன் பின் நிகழ்ந்த மாற்றங்களின் பட்டியல் மூலத் தரவுத்தளத்திடமிருந்து பெறப்படும். அவற்றுள் எவை தன்னிடம் இல்லை என்று இலக்குத் தரவுத்தளம் கூறும். இல்லாதவை மட்டும் வழித்தடத்துடன் அனுப்பப்பட்டு, புதிய குறிப்பு இருபுறமும் எழுதப்படும். நடுவில் இணைப்பு அறுந்தால் அடுத்த முறை அக்குறிப்பிலிருந்து பணி தொடரும். ஒரே திருத்தம் இருமுறை வந்தாலும் தீங்கில்லை. அது ஏற்கனவே உள்ளதாக அறியப்பட்டு விடப்படும்.

இதில் கடிகாரத்திற்கு எவ்விதப் பங்கும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. கைப்பேசிகளின் நேரம் தவறாக இருக்கக்கூடும். நேரத்தைக் கொண்டு புதியது எது எனத் தீர்மானிக்கும் முறைகளில், நேரம் முன்னோக்கி ஓடும் ஒரு கருவி மற்றவர் எழுதியதை எல்லாம் அழித்துவிட முடியும்.

முரண்பாடு

ஒரு குழந்தையின் மருத்துவப் பதிவு மூன்றாம் திருத்தத்தில் இருப்பதாகக் கொள்வோம். மருத்துவமனையில் செவிலியர், குழந்தைக்கு ஒரு மருந்து ஒவ்வாது என்று எழுதுகிறார். அவரிடம் ஆவணம் நான்காம் திருத்தமாகிறது. அதே நாளில் இணைப்பில்லாத ஊரில் உள்ள களப்பணியாளர், தாயின் தொலைபேசி எண்ணை மாற்றுகிறார். பின்னர் ஓர் இலக்கப் பிழையைச் சரிசெய்கிறார். அவரிடம் அது ஐந்தாம் திருத்தமாகிறது. மாலையில் இரண்டும் வழங்கியில் சந்திக்கின்றன.

கவுச்டிபி இரு கிளைகளையும் வைத்துக்கொண்டு, ஒன்றை வெற்றியாளராகக் காட்டுகிறது. நீண்ட வரலாறு உடைய கிளை வெல்லும். நீளம் சமமாயின் திருத்தக் குறியின் எழுத்துச் சரத்தில் பெரியது வெல்லும். இவ்விதியால் எல்லாக் கருவிகளும் தம்முள் பேசாமலே ஒரே முடிவை எட்டுகின்றன. ஆனால் அம்முடிவுக்குப் பொருள் தெரியாது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் தொலைபேசி எண் வெல்லும். ஒவ்வாமைக் குறிப்பு திரையில் தோன்றாது. அது அழிந்துவிடவில்லை, முரண்படும் திருத்தங்களைக் காட்டுமாறு செயலி கேட்டால் கிடைக்கும். கேட்காத செயலியைப் பயன்படுத்தும் மருத்துவருக்கு அது இல்லாததற்குச் சமம். இரு கிளைகளையும் இணைத்துப் புதிய திருத்தம் எழுதி, தோற்ற கிளையை நீக்குவது செயலியை எழுதுபவரின் கடமையாகும். பிழைச்செய்தி எதுவும் எழாததால் இக்கடமை எளிதில் மறக்கப்படுகிறது.

முரண்பாட்டைத் தீர்ப்பதைவிடத் தவிர்ப்பது நன்று. ஒவ்வாமை, எடை, தடுப்பூசி ஆகியவற்றை ஒரே ஆவணத்தில் திருத்திக்கொண்டே இராமல், ஒவ்வொரு நிகழ்வையும் தனி ஆவணமாக எழுதினால் மோதல் அரிதாகும். நேபாளம், கென்யா, உகாண்டா போன்ற நாடுகளில் சமுதாய சுகாதாரப் பணியாளர்கள் பயன்படுத்தும் கம்யூனிட்டி ஹெல்த் டூல்கிட் என்னும் திறமூல மென்பொருள் இவ்விரு தரவுத்தளங்களையும் கொண்டு கட்டப்பட்டது. அதில் வீட்டுச் சந்திப்பு அறிக்கைகள், ஆளின் விவரத்திலிருந்து பிரிந்த தனி ஆவணங்களாக உள்ளன.

நீக்கம்

நீக்கப்பட்ட ஆவணத்தை முற்றாக அழித்துவிட்டால், அதனை இன்னும் வைத்திருக்கும் வேறொரு கருவி அடுத்த ஒத்திசைவில் அதைத் திருப்பி அனுப்பிவிடும். எனவே நீக்கமும் ஒரு திருத்தமாகவே எழுதப்படுகிறது. இதனைக் கல்லறைக் குறி என்பர். ஒருவர் நீக்கி மற்றவர் திருத்தியிருந்தால் திருத்தமே வெல்லும்.

வரம்புகள்

பழைய திருத்தங்களின் உள்ளடக்கம் தரவுத்தளத்தைச் சுருக்கும்போது நீக்கப்படும். முரண்பட்ட கிளைகளின் நுனிகள் மட்டும் தப்பும். ஆதலால் இதனைப் பதிப்பு வரலாற்றுக் காப்பகமாகக் கருதுதல் தவறு.

அனுப்பப்படாத தரவுக்கு உலாவியில் உள்ளதே ஒரே படி என்பது இதைவிடக் கவலைக்குரியது. இடம் குறையும்போது உலாவி அதனை அழிக்கலாம். 2020 இல் ஆப்பிள் நிறுவனம் சஃபாரி உலாவியில் கொண்டுவந்த விதியின்படி, சஃபாரியைப் பயன்படுத்தும் 7 நாட்களில் பயனர் ஒரு தளத்தை ஒருமுறையும் கையாளாவிடில் அத்தளம் எழுதிய தரவு நீக்கப்படும்; முகப்புத் திரையில் சேர்க்கப்பட்ட செயலிகளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. நிலையான சேமிப்பிற்கு உலாவியிடம் அனுமதி கோரவும் வழியுண்டு. எத்தனை பதிவுகள் இன்னும் வழங்கியை அடையவில்லை என்பதைத் திரையில் காட்டும் செயலிகளில், கருவியை மாற்றும் முன்னோ உலாவியின் தரவை அழிக்கும் முன்னோ பயனர் அதனைப் பார்த்துக்கொள்ள முடிகிறது.