பிரெஞ்ச் ராக்ஸ் எங்கே போயிற்று?

மேல்கோட்டையில் மண்ணுக்கடியில் கிடந்ததை இடம் பார்த்துத் தோண்டி எடுத்த முதல் ஆள் ராமானுஜர்தான். கையிருப்புத் திருமண் தீர்ந்துபோய் அவர் கவலையோடு படுத்திருந்தபோது பெருமாள் கனவில் வந்தார். துளசிச் செடியை அடையாளம் சொல்லி, தாம் புற்றுக்குள் இருக்கும் இடத்தையும் வெள்ளை மண் கிடக்கும் இடத்தையும் காட்டிக்கொடுத்தார். குருபரம்பரைக் கதை இப்படிப் போகிறது. அந்தத் திருநாராயணனின் பெயரால்தான் தமிழ் வைணவர்களுக்கு ஊரே திருநாராயணபுரம். மேல்கோட்டைத் திருமண்ணுக்கு இன்றைக்கும் தனி மவுசு.

கனவில் யாரும் வந்து சொல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒன்று மெட்டல் டிடெக்டர். மற்றது பழைய டோபோ ஷீட், அதாவது மேடு பள்ளம், ஏரி, கிணறு, கோயில், வண்டிப்பாதை எல்லாவற்றையும் அளந்து வரைந்த நிலவரைபடம். இங்கிலாந்தில் வார இறுதியில் டிடெக்டரோடு வயலில் இறங்குபவர்கள் முதலில் உட்காருவது வரைபடத்தின் முன்னால்தான். பழைய சந்தைத் திடல் எது, ஆற்றைக் கடந்த துறை எது, இன்று உழவாகிப்போன பழைய பாதை எது என்று பார்த்துவைத்துக்கொண்டுதான் கருவியைக் கையில் எடுக்கிறார்கள்.

காரணம், கருவிக்குக் கிட்டப்பார்வை. அதன் அடியில் வட்டத் தட்டுப்போல இருப்பது கம்பிச்சுருள். அதில் திசை மாறி மாறி ஓடும் மின்சாரம் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலம் மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைத் தொட்டதும் உலோகத்துக்குள் சின்னச் சின்ன மின்சுழல்கள் எழுகின்றன. சுழல்கள் தம் பங்குக்கு ஒரு புலத்தைத் திருப்பி அனுப்ப, அதைச் சுருள் உணர்ந்து 'கீங்' என்கிறது. ஒற்றைக் காசு என்றால் ஏறக்குறைய ஒரு சாண் ஆழத்தோடு சாதாரணக் கருவியின் சாமர்த்தியம் முடிந்துவிடும். தொலைபேசி புகழ் கிரகாம் பெல் 1881இல், சுடப்பட்டுக் கிடந்த அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடம்பில் குண்டு எங்கே என்று தேடத் தயாரித்ததும் இதே வகைக் கருவிதான். குண்டு அகப்படவில்லை. கட்டிலின் இரும்புச் சுருள்கள் குழப்பிவிட்டதாகச் சொல்வார்கள். மேல்கோட்டையைச் சுற்றிய செம்மண்ணும் கிட்டத்தட்ட அந்தக் கட்டில் மாதிரிதான். அதில் இருக்கும் இரும்புச்சத்தே கருவியை அனாவசியமாகக் கத்தவைக்கும்.

இப்போது கணக்குப் போடுங்கள். மேல்கோட்டை இருக்கும் தாளின் எண் 57 டி/10. இந்தியாவையும் சுற்றுப்புறத்தையும் நாலு நாலு பாகைக் கட்டங்களாக அறுத்து எண் கொடுத்திருக்கிறார்கள். 57ஆம் கட்டத்தை ஏ (A) முதல் பி (P) வரை ஆங்கில எழுத்து வரிசையில் 16 துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் மறுபடி 16 ஆக்கினால் கால் பாகைக்குக் கால் பாகைத் தாள் ஒன்று கிடைக்கும். நம் தாளுக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும் 57 டி/11இல் ஸ்ரீரங்கப்பட்டணமும் மைசூரும் வருகின்றன. மேசைமேல் விரித்தால் அடங்கிவிடும் இந்த ஒரு தாளுக்குள் சுமார் 750 சதுர கிலோமீட்டர் நிலம். சாப்பாட்டுத் தட்டளவு சுருளால் அதைத் துழாவப் பேரன் காலம்வரை போதாது.

பழைய தாள்களில் ஒரு அங்குலம் ஒரு மைல். மெட்ரிக் முறை வந்தபின் இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். நீருக்கு நீலம், மேட்டுக் கோடுகளுக்குப் பழுப்பு, உழவுக்கு மஞ்சள், காட்டுக்குப் பச்சை, ஊருக்கும் சாலைக்கும் சிவப்பு. இந்த அளவு பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் குறிவிளக்கத்தைத்தான் யாரும் நின்று படிப்பதில்லை. குடியிருக்கும் ஊருக்கு ஒரு குறி, விட்டுப்போன ஊருக்கு வேறு குறி. கல்கட்டிய கிணறு தனி, வெறுங்கிணறு தனி. பனைக்கு ஒரு மரம், மற்றப் பனையினத்துக்கு வேறு மரம். தொல்சின்னத்துக்கென்றே ஒரு குறி. வற்றும் ஏரியின் கரை கறுப்பு, வற்றாததன் உள்ளே நீலம். அளந்த ஆண்டும் அச்சிட்ட ஆண்டும் தனித்தனியாகப் போட்டிருக்கும். நமக்கு வேண்டியது முதலாவது. 1960களில் அச்சான தாள் 1920களின் ஊரைக் காட்டிக்கொண்டிருக்கலாம்.

ஆனால் என்னைக் கேட்டால், இந்தத் தாள்களில் குறிகளைவிட எழுத்துகள்தான் அதிகம் பேசும். மேல்கோட்டை இன்று மண்டியா மாவட்டத்தில் பாண்டவபுரம் தாலுகாவைச் சேர்ந்தது. பழைய தாளில் பாண்டவபுரத்தைத் தேடினால் கிடைக்காது. அந்த இடத்தில் 'பிரெஞ்ச் ராக்ஸ்' என்றிருக்கும். ஹைதர், திப்பு காலத்தில் அவர்களிடம் வேலைபார்த்த பிரெஞ்சுப் படை அங்கே பாறைக்குன்றுகளின் அடியில் கூடாரம் போட்டிருந்ததால் வந்த பெயர். உள்ளூர்க்காரர்களுக்கு அது ஹிரோடே. அதற்குப் பிறகு வனவாசத்தில் பாண்டவர்கள் தங்கிய ஊர் என்ற ஐதீகம் முன்னுக்கு வந்து, பாண்டவபுரம் என்று பலகை மாறிவிட்டது. ஒரு படை எங்கே பாசறை இறங்கியது என்ற தகவல், ரயில் நிலையப் பெயரோடு சேர்ந்து அழிந்துபோயிற்று. பழைய தாள் ஒன்று அதைப் பத்திரமாக வைத்திருக்கிறது.

மாவட்டமும் இப்படித்தான். 1939இல் மண்டியா பிரிவதற்கு முந்திய எல்லாக் காகிதத்திலும் மேல்கோட்டை மைசூர் மாவட்டத்துக்குள் இருக்கும். ஆவணக்காப்பகத்தில் மண்டியா என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புவதில் அர்த்தமில்லை. எழுத்துக்கூட்டு இன்னொரு வில்லங்கம். 1800இல் மைசூர் வழியாகப் பயணம் போன பிரான்சிஸ் புக்கானன் காதில் இந்த ஊர் 'மெயில்கோட்டே' என்று விழுந்திருக்கிறது. பக்கத்துத் தொண்டனூர் ஏரியை ஒருவர் தொண்ணூர் என்பார், இன்னொருவர் மோத்தி தலாப் என்பார். ஓர் ஊருக்கு நாலு பெயர் குறித்து வைத்துக்கொண்டுதான் தேடப் போகவேண்டும்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு சௌகரியம். நம் 'ப'தான் கன்னடத்தில் 'ஹ' ஆகிறது. பள்ளி ஹள்ளி, பழைய ஹளே, பாழ் ஹாளு. 'ஹாளு' என்று தொடங்கும் ஊர்ப்பெயரையோ வயல்பெயரையோ தாளில் பார்த்தால், அங்கே ஒரு காலத்தில் அடுப்பு எரிந்திருக்கிறது, பிறகு அணைந்திருக்கிறது என்று பாதி ஊகித்துக்கொள்ளலாம். வருவாய்த்துறைக்காரர்கள் ஆளில்லா ஊரைப் 'பேச்சிராக்' கிராமம் என்கிறார்கள். பாரசீகத்தில் 'விளக்கில்லாதது' என்று பொருள். அரசாங்கக் கோப்பில் இவ்வளவு அழகான ஒரு சொல் எப்படித் தப்பிப் பிழைத்தது என்று தெரியவில்லை.

இந்தப் பகுதியை முறையாக அளந்து வரைந்தவர்களில் மூத்தவர் காலின் மெக்கன்சி. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த கையோடு கம்பெனிக்குத் தன் புதுச்சொத்தின் நீள அகலம் தெரியவேண்டியிருந்தது. மெக்கன்சி அடுத்த சில ஆண்டுகளில் மைசூர் நாட்டின் ஏறக்குறைய 40,000 சதுர மைலை அளந்தார். அளவுச் சங்கிலியோடு நிறுத்தாமல் காவலி வெங்கட போரய்யா, லட்சுமய்யா சகோதரர்கள் முதலானவர்களை அனுப்பி ஊர்க்கதை, கல்வெட்டு, வம்சாவளி எல்லாம் திரட்டினார். அந்தச் சுவடிகளில் பெரும்பங்கு இன்று சென்னையில், அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. வரைபடத்தில் புள்ளியாகக் கிடக்கும் ஊருக்கு அங்கே ஒரு வாய்மொழியும் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: சர்வே ஆஃப் இந்தியா இணையதளத்தில் இன்றைய தாள்கள் கிடைக்கின்றன. அமெரிக்க ராணுவம் 1950களில் அச்சிட்ட இந்தியத் தாள்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இலவசமாக வைத்திருக்கிறது. அவை இரண்டரை கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்பதால் கிணறெல்லாம் தெரியாது, பாதையும் ஏரியும் தெரியும். சர்வே எண் வேண்டுமென்றால் கர்நாடக அரசின் கிராம வரைபடங்களும் 'திஷாங்க்' செயலியும் இருக்கின்றன. பழைய தாளை செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்தும்போது நகராத அடையாளங்களாக நாலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேல்கோட்டையில் யோக நரசிம்மர் மலையுச்சி, கல்யாணித் திருக்குளம், அக்கா தங்கி குளம், முடிவுபெறாமல் தூண்களோடு நின்றுவிட்ட ராய கோபுரம் போதும். சாலைச் சந்திப்பை நம்பவேண்டாம், அது நகரும்.

கைபேசியின் ஜிபிஎஸ் எண்களை அப்படியே பழைய தாளில் குறிப்பவர்கள் ஒருமுறையாவது ஏமாறுவார்கள். பழைய தாள்கள் பூமியின் வடிவத்துக்கு ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் போட்ட கணக்கை நம்புகின்றன. கைபேசி வேறு கணக்கை நம்புகிறது. இரண்டுக்கும் நடுவே இந்தப் பகுதியில் நூறு மீட்டருக்கு மேலேயே வித்தியாசம் விழும். தாளில் அது வெறும் இரண்டு மூன்று மில்லிமீட்டர். காலடியில் அது வேறொருவர் வயல். கணக்கை மாற்றித் தரும் மென்பொருள் இருக்கிறது. அது இல்லாவிட்டால் கல்யாணிப் படியில் நின்று எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்று பார்த்து, அந்த அளவை எல்லா இடத்திலும் கழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, இந்த வட்டாரத்து மண்ணில் அப்படி என்ன உலோகம் கிடக்கப்போகிறது? 1771 மார்ச்சில் ஹைதர் அலியின் படை மேல்கோட்டையிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு இரவோடிரவாக நழுவப் பார்த்து, சின்னகுரளி அருகே திரிம்பக்ராவின் மராட்டியரிடம் சிக்கிச் சின்னாபின்னமானது. பிறகு மேல்கோட்டையில் புகுந்த மராட்டியர், எதிர்பார்த்த கொள்ளை கிடைக்காத கடுப்பில், இரும்புப் பட்டைகளுக்காகப் பெரிய மரத்தேர்களைக் கொளுத்தினார்கள் என்றும் தீ கோயில் கட்டடங்களுக்கும் பரவியது என்றும் மைசூர் கெஜட்டியர் சொல்கிறது. இரும்புக்காகத் தேரையே எரித்த காலம் அது. போர்க்களத்தில் சிந்திய குண்டை எவன் பொறுக்காமல் விட்டிருப்பான்? இருபது ஆண்டு கழித்து, 1791 மே மாதம், திப்புவின்மேல் படையெடுத்து வந்த ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸ் தன் முற்றுகைப் பீரங்கிகளை இழுத்துப்போக மாடில்லாமல் கண்ணம்பாடிப் பக்கம் தானே உடைத்துப்போட்டுவிட்டுப் பின்வாங்கினார். பழைய கண்ணம்பாடி இப்போது கிருஷ்ணராஜ சாகர் நீருக்குள். 1911இல் தொடங்கிய அணை அது. மூழ்கிய வேணுகோபாலர் கோயிலைக் கல் கல்லாகப் பெயர்த்துக் கரையில் மறுபடி கட்டியிருக்கிறார்கள். ஊரின் தெருவைப் பார்க்க வேண்டுமானால் அணைக்கு முந்திய வரைபடத்தைத்தான் பார்க்கவேண்டும்.

அமெரிக்காவில் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தில் 1983இல் புல்வெளி எரிந்துபோனபின், மறு ஆண்டு தொல்லியலாளர்கள் டிடெக்டர்களை வரிசையாகப் பிடித்து நடந்தார்கள். ஒவ்வொரு தோட்டா கிடந்த புள்ளியையும் குறித்து, யார் எங்கிருந்து சுட்டார், எந்தப் பக்கம் ஓடினார் என்று சண்டையையே மீட்டுக் கட்டினார்கள். அங்கே விலை தோட்டாவுக்கு இல்லை, அது கிடந்த புள்ளிக்கு. சின்னகுரளியில் யாராவது அப்படி நடந்தால் நானும் பின்னால் போவேன்.

தனியாள் நடக்கக் கூடாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணில் அகப்பட்டாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கர்நாடகத்துக்கென்று 1962இல் வந்த தனிச் சட்டமும் உண்டு. பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் தோண்டவே முடியாது. ஓநாய்களுக்காக 1974இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் வேறு மேல்கோட்டை மலைகளைச் சுற்றி இருக்கிறது. சட்டம் இருந்தும் 'நிதி' கிடைக்குமென்று பாழ்கோயில் பீடங்களைப் பெயர்ப்பவர்கள் ஓயவில்லை. அவர்கள் கையிலும் டிடெக்டர் இருக்கிறது, வரைபடம் இருப்பதில்லை.

முறையாகத் தேடினால் என்ன கிடைக்கும் என்பதற்கு வடக்கே சிவமொக்கா மாவட்டத்து நகரா கோட்டையைப் பார்க்கலாம். 2018இல் அங்கே ஒரு பாழுங்கிணற்றைத் தொல்லியல் துறையினர் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு ராக்கெட்டுகள் குவியலாக வந்தன. திப்பு காலத்தவை. கிணற்று மண்ணிலேயே வெடிமருந்து வாடை அடித்ததாம்.