பானெட்டில் புகை வந்தால்...

சித்திரை மாத வெயில். ஏரியூரிலிருந்து பென்னாகரத்துக்கு ஒரு கல்யாணத்துக்காகக் காரில் போய்க்கொண்டிருந்தோம். பாதி வழியில் பானெட் இடுக்கிலிருந்து குபுகுபுவென்று வெள்ளைப் புகை! "ஐயையோ, வண்டி பத்திக்கிச்சுடா!" என்று மாமியார் அலற, என்னவர் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார்.

இறங்கியவர் செய்த முதல் காரியம், துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனதுதான். "வேணாங்க! ஆவி அடங்காத குக்கரைத் திறப்பீங்களா?" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். இதுவும் குக்கர் மாதிரிதானே! உள்ளே அழுத்தம் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்தால் அத்தனையும் பொங்கி முகத்தில் அடிக்கும். முக்கால் மணி நேரம் புளியமரத்தடியில் காத்திருந்தோம்.

பைக்கில் வந்த மெக்கானிக் தம்பி, ரேடியேட்டர் ஓஸ் பைப் வெடித்திருப்பதைக் காட்டினார். "இது வெறும் ஆவிங்கக்கா. காத்துல கரைஞ்சிடும், கூலண்ட் இனிப்பா வாசம் அடிக்கும். நீலமா, கருகின எண்ணெய் வாடையோட வந்தா ஆயில் ஒழுகுதுன்னு அர்த்தம். பிளாஸ்டிக் பொசுங்கற நாத்தம் வந்தா ஒயருங்க. அப்ப பானெட்டைத் தொறக்கவே கூடாது. காத்துப் பட்டா குப்புனு பத்திக்கும். எல்லாரும் தூர ஓடி, 101-க்குப் போன் பண்ணுங்க" என்றார்.

சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்கு ஏறியதை நான் முன்பே சொல்லியிருந்தேன். "அது மீட்டர் கோளாறு" என்றவர் இவர்தான்!

தாலி கட்டு முடிந்து, கடைசிப் பந்திக்குத்தான் போய்ச் சேர்ந்தோம்.