மங்கிய ஃபைபர் பாடி எப்படி மறுபடி மின்னுகிறது?

தேங்காய் மூடியைத் துருவும்போது கை தானாகவே ஒரு கணக்கு வைத்திருக்கும். வெள்ளை உதிரும்வரை அழுத்தலாம். பழுப்புத் தோல் எட்டிப் பார்த்ததும் மூடியைத் திருப்பிவிட வேண்டும். ஃபைபர் பாடி காரைப் பாலிஷ் செய்வதும் அதே கணக்குதான்.

கலிஃபோர்னியாவில் படகு கட்டிப் பழகிய புரூஸ் மேயர்ஸ், 1964-இல் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் எஞ்சினை வைத்து ‘மேயர்ஸ் மாங்ஸ்’ என்ற ஃபைபர் பாடி கடற்கரை வண்டியை உருவாக்கினார். இந்த வகை பாடிகளுக்குத் தனியாகப் பெயின்ட் தேவையில்லை. மெழுகு பூசிய அச்சுக்குள் முதலில் நிறம் கலந்த ஜெல்கோட்டைத் தெளிப்பார்கள். அதன்மேல் கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் ரெசினும் அடுக்கடுக்காகப் போகும். இறுகியபின் அச்சைக் கழற்றினால், முதலில் போன ஜெல்கோட்டே வெளிமுகம். புதுவண்டியின் பளபளப்பெல்லாம் அந்த அச்சின் வழவழப்பு தந்தது. ஜெல்கோட்டின் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அதுதான் நம் தேங்காயின் வெள்ளை. அடியில் இருக்கும் இழையே பழுப்புத் தோல்.

வருடக்கணக்கில் வெயில் பட்டால் புற ஊதாக் கதிர்கள் மேற்பரப்பு ரெசினைச் சிதைக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழுந்து ஒளி சிதறுவதால் நிறம் வெளிறிப்போகிறது. தடவினால் விரலில் பொடி ஒட்டுகிறது. ஈரத்துணியால் ஓரிடத்தைத் துடைத்துப் பாருங்கள். குழிகளைத் தண்ணீர் நிரப்பியதும் பழைய நிறம் திரும்பினால் நல்ல சேதி: கெட்டது மேல்பரப்பு மட்டுமே.

முதல் வேலை கழுவுவது. மணலும் தூசியும் போகத் தண்ணீரை ஊற்றி, மிதமான கார் ஷாம்பு போட்டு, நிழலில் துடைக்க வேண்டும். மிச்சமிருக்கும் ஒரு மணல்துகள் போதும், பாலிஷ் துணியே கீறலாக இழுத்துவிடும். மிக மோசமாக மங்கியிருந்தால் 1000, 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் ஈரத்தோடு தேய்க்கலாம். பெரும்பாலும் ரப்பிங் காம்பவுண்டும் பிறகு பாலிஷுமே போதும்.

துணியில் காரின் நிறம் ஏறினால் பதறாதீர்கள். பெயின்ட் இல்லாத ஜெல்கோட்டில் அது வெள்ளைத் துருவல்தான். ஆனால் ஷெவர்லே கார்வெட் மாதிரி ஃபைபர்மேல் பெயின்ட் அடித்த வண்டியில், நிறத்தின்மேல் கிளியர் கோட் இருந்தால், அதே நிறம் துணியில் வருவது அபாயம். கிளியர் கோட் சில பத்து மைக்ரான்தான். அது தேய்ந்து தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். இரும்புத் தகட்டுக்கான காந்தவகை பெயின்ட் மீட்டரும் இங்கே உதவாது. அடியில் இரும்பே இல்லையே!

பஃபிங் மெஷின் பிடிப்பவர்கள் வெப்பத்தை நினைவில் வைக்க வேண்டும். இரும்புத் தகடு சூட்டைச் சுற்றிலும் பரப்பிவிடும், ஃபைபர் பரப்பாது. ஓரிடத்தில் நின்றால் அங்கேயே சூடேறிக் கருகும். குறைந்த வேகத்தில் நகர்த்திக்கொண்டே இருங்கள். முனைகளிலும் மடிப்புகளிலும் அழுத்தம் குவிவதால் பழுப்பு முதலில் அங்கேதான் தெரியும். அவற்றுக்குக் கைத்துணியே நல்லது.

கடைசியாக வாக்ஸ். துருவி எடுத்த புதுப்பரப்புக்கு அதுதான் மூடி. அதைத் தவிர்த்தால் வெயில் மறுபடி தன் வேலையைத் தொடங்கும்.

நட்சத்திரமாகக் கிளைத்த விரிசல்களைப் பாலிஷால் போக்க முடியாது. அவை ஜெல்கோட்டின் ஆழம்வரை போயிருக்கும். தேய்க்கத் தேய்க்கக் காம்பவுண்டு உள்ளே தங்கி வெள்ளைக் கோடாகத் தெரியும். அந்த இடத்தைத் தோண்டித் திறந்து, புது ஜெல்கோட் நிரப்பி, இறுகியபின் சமமாகத் தேய்க்க வேண்டும்.