ஆச்சியின் பாட்டும் பள்ளிக்கூடமும்

கல்வியின் மேன்மை குறித்துக் கற்றோர் எழுதிய நூல்கள் ஏராளம். ஆனால், பள்ளிக்கூடத்து வாசற்படியை ஒருநாளும் மிதித்தறியாத நம் முன்னோர் கல்வியைப் பற்றி என்ன எண்ணினார்கள்? அவர்கள் நூல் எழுதவில்லை, பாடினார்கள். தாலாட்டிலும் கும்மியிலும் களையெடுப்புப் பாட்டிலும் அவர்தம் எண்ணங்கள் பொதிந்து கிடக்கின்றன. அவற்றுக்கு நாம் செவி சாய்த்தோமா?

சங்கரன்கோவிலை அடுத்த சிற்றூர் ஒன்றுக்கு வீடு சந்திக்கச் சென்ற ஒரு மாலைப்பொழுதில் இக்கேள்வி நம் உள்ளத்தில் எழுந்தது. திண்ணையில் எண்பது வயதைத் தாண்டிய மூதாட்டி ஒருவர், தம் கொள்ளுப்பேரனை மடியில் இட்டுப் பாடிக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும், கல்லூரியில் பயிலும் பேத்தி பதறிப்போய், “சும்மா இரு ஆச்சி, சாமி வந்திருக்காக. இந்தப் பட்டிக்காட்டுப் பாட்டெல்லாம் இப்பப் பாடாத” என்றாள். மூதாட்டி சட்டென்று பாட்டை நிறுத்தினார். அந்த முகத்தில் படர்ந்த வாட்டத்தை நாம் இன்னும் மறக்கவில்லை. “பாடுங்கள் பாட்டி, அதைக் கேட்டுவிட்டுத்தான் செபம்” என்று அமர்ந்துகொண்டோம்.

அவர் பாடிய தாலாட்டில் தாய்மாமன் சீர் கொண்டு வருகிறான். பொன்னும் பட்டும் மட்டுமா? ஏடும் வெள்ளி எழுத்தாணியும் அவன் கையில் இருக்கின்றன. நெல்லைச் சீமையின் தாலாட்டுகளில் இக்காட்சி புதியதன்று. எழுதப் படிக்கத் தெரியாத தாய், தன் மகவை எழுதுகிறவனாகவே கனவு காண்கிறாள். இதன் காரணத்தை எளிதில் உய்த்துணரலாம். அந்நாளில் ஊரின் நிலக்கணக்கும் கடன்கணக்கும் எழுத்தறிந்த சிலர் கையில் இருந்தன. அவர்கள் நீட்டிய தாளில் கைநாட்டு வைப்பதைத் தவிர ஏழைக்கு வேறு வழியில்லை. எனவே, எழுத்தாணி அத்தாய்க்கு அணிகலன் அன்று. தன் பிள்ளையை ஏமாற்றத்தினின்று காக்கும் கருவி.

ஆயினும் பள்ளிக்கூடத்தைப் பற்றிய அச்சமும் நம் மக்களிடையே இருந்தது. பழைய திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். பாடத்தை உரக்க ஒப்பித்து மனத்தில் பதித்தனர். சட்டாம்பிள்ளையின் அதிகாரமும், கயிற்றில் தொங்கவிடும் ‘கோதண்டம்’ என்னும் கொடிய தண்டனையும் உண்டு. படித்தவன் மண்வெட்டியைத் தொடமாட்டான், பெற்றோரையும் மதிக்கமாட்டான் என்ற கவலை வேறு. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன் என்று ஒருவரைச் சொல்வது நம் ஊர் வழக்கு. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் (1923–2021), தாம் மழைக்குத்தான் அங்கே ஒதுங்கியதாகவும், ஒதுங்கியபோதும் மழையையே பார்த்துக்கொண்டிருந்ததாகவும் நகைச்சுவையுடன் கூறுவார். பள்ளிப்படிப்பை முடிக்காத அப்பெருமகனார், கரிசல் காட்டு மக்களின் சொற்களைத் திரட்டி 1982-இல் அகராதி வெளியிட்டார். பின்னர்ப் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் அமர்த்தப்பட்டார். பட்டிக்காட்டுச் சொல் என்று ஒதுக்கியதைப் பல்கலைக்கழகமே வரவேற்றது!

நம் சங்கரன்கோவிலுக்கு அருகிலுள்ள சென்னிகுளமும் இதற்குச் சான்று பகரும். 1891-இல் இளம் வயதிலேயே மறைந்த அண்ணாமலை ரெட்டியார் பிறந்த ஊர் அது. கற்றுத் தேர்ந்த புலவராகிய அவர், காவடி எடுத்து நடப்போரின் கால்களுக்கு இசைந்த சிந்து மெட்டில் பாடினார். அதனாலன்றோ ஏட்டறிவு இல்லாதோர் நாவிலும் அவர் தமிழ் நடமாடிற்று! கற்றோர் கல்லாதோரிடம் கற்றுக்கொண்டதன் பயன் அது.

இனி, அன்றைய மாலைக்கு வருவோம். தாலாட்டு முடிந்ததும் மூதாட்டி மற்றொரு பாட்டைத் தொடங்கினார். களையெடுக்கும்போது தாமே கட்டிய பாட்டாம். அண்ணன் சிலேட்டும் பையுமாகப் பள்ளிக்குப் போகிறான். தங்கை, கைக்குழந்தையாகிய தம்பியை இடுப்பில் சுமந்து, ஆட்டை ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போகிறாள். பள்ளி மணி அடிக்கும் ஓசை காடுவரை கேட்கிறது. அது தன்னையும் அழைப்பதாக எண்ணி அவள் திரும்பிப் பார்க்கிறாள். பாட்டு அவ்வளவே. பேத்தி கண்களைத் துடைத்துக்கொண்டாள். “ஆச்சி, இது ஒன் கதையா? ஏன் எங்கிட்ட இதுவரைக்கும் சொல்லல?” என்றாள். “நீ கேக்கலையே தாயி” என்பது மறுமொழி.

பெண்ணுக்கு ஏன் படிப்பு என்று கேட்ட காலத்தில், அக்கேள்விக்கு எதிர்க்குரல் கொடுத்தவர்களுள் நம் கத்தோலிக்கப் பெருமகன் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை (1826–1889) முன்வரிசையில் நின்றவர். பெண்கல்வியை வற்புறுத்தி உரைநடையில் எழுதியதோடு அமையாமல், பெண்கள் பாடுதற்குரிய பாடல்களாகப் ‘பெண்மதி மாலை’யையும் இயற்றினார். பாட்டின் வழியாகவே வீட்டுக்குள் நுழையலாம் என்பதை அவர் அறிந்திருந்தார். நூறாண்டுகள் கடந்து, 1990-களில் அறிவொளி இயக்கமும் அதே வழியில் நடந்தது. நாட்டுப்புற மெட்டுகளில் அமைந்த பாடல்கள் ஊர் ஊராக ஒலித்தன. கைநாட்டு வைத்த பெண்கள் பலர் கையொப்பமிடக் கற்றனர்.

வீட்டுமொழிக்கும் பள்ளிமொழிக்கும் உள்ள இடைவெளி நமக்கு மட்டும் உரியதன்று. ஆப்பிரிக்காவில் இன்று சிம்பாப்வே என வழங்கும் நாட்டில் ஷோனா மக்கள் செசூரு, கரங்கா, மனிக்கா எனப் பல வட்டார வழக்குகளைப் பேசுகின்றனர். மொழியறிஞர் டோக் 1931-இல் அளித்த அறிக்கையை ஒட்டி, இவ்வழக்குகளுக்குப் பொதுவான எழுத்துமொழி வகுக்கப்பட்டது. அங்குள்ள கத்தோலிக்க நிறுவனமாகிய மாம்போ அச்சகம் ஷோனா மொழியில் நூல்களை வெளியிட்டுத் தொண்டாற்றியது. பொதுமொழி வேண்டும், அதை மறுப்பாரில்லை. பல ஊராரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளவும், நூல்களைப் பயிலவும் அது பாலமாகும். எனினும், பாலத்தைக் கடந்தவன் தான் புறப்பட்ட கரையை இகழலாமா?

நம் பாளையங்கோட்டையில், 1923-இல் தொடங்கப்பெற்ற தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காறுகளை முறையாகப் பயின்று ஆராய்ந்தனர். பேராசிரியர் நா. வானமாமலை (1917–1980) போன்ற அறிஞர்கள் ஊர் ஊராக வழங்கிய பாடல்களைத் திரட்டினர். ஆனால், நம் வீட்டுத் திண்ணையில் ஒலிக்கும் பாட்டைத் திரட்ட எந்த அறிஞர் வருவார்? அது நம் பிள்ளைகளின் கடமை.

அன்பார்ந்த பெற்றோரே, ‘உன் தாய் தந்தையை மதித்துநட’ என்பது இறைவன் தந்த கட்டளை. மதிப்பது என்பது சோறிட்டு மருந்து வாங்கித் தருவதோடு முடிந்துவிடாது. அவர்கள் பேச்சைக் கண்டு நாணாதிருப்பதும் மதிப்பே. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள். ஆணென்றும் பெண்ணென்றும் வேற்றுமை பாராட்டாமல் அனுப்புங்கள். எந்தச் சிறுமியும் பள்ளி மணியோசையைக் காட்டிலிருந்து கேட்கும் நிலை இனி வேண்டாம். பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளைகளைத் தாத்தா பாட்டியின் அருகில் சிறிது நேரம் அமரச் செய்யுங்கள்.

அன்று செபம் முடித்து நாம் புறப்பட்டபோது, பேத்தி தன் கல்லூரி ஏட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, “இன்னொரு தடவ மொதல்லேருந்து சொல்லு ஆச்சி” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பள்ளியைக் காணாத மூதாட்டி சொல்லச் சொல்ல, பள்ளியில் பயின்ற கை எழுதியது. தாலாட்டில் வந்த எழுத்தாணி, உரிய கைக்கு வந்து சேர்ந்துவிட்டதென்று மகிழ்ந்தோம்.