உயர் உத்தியோகமும் பொறுப்பும்

நமது சங்கத்திற்குக் காரியதரிசி ஒருவரை நியமிக்கும்போது, அவர் நாணயமானவரா, கணக்கறிந்தவரா என்று விசாரிக்கின்றோம். ஆண்டுதோறும் பொதுக்குழுவின் முன் வரவு செலவை வைக்குமாறு செய்கின்றோம். இச்சிறு எச்சரிக்கை நாட்டின் பெரிய நிர்வாகத்திற்கும் வேண்டாவோ?

நெசவாளரின் மானியமும் விவசாயியின் கடனும் ஓர் அதிகாரியின் கையொப்பத்திற்குக் காத்து நிற்கின்றன. நம் குறைகளை அவர் அறிந்துகொண்ட வேளையில் மாற்றல் உத்தரவு வருகிறது. தவறு செய்ய மறுத்ததற்காக அது வருமாயின் நஷ்டம் அவருக்கு மட்டுமன்று, நமக்குந்தான்.

திரு. கே. சந்தானம் தலைமையில் அமைந்த குழுவின் யோசனைப்படி 1964-ல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் தோன்றியது. ஆயினும், அதற்குச் சட்டத்தின் பலம் கிடைத்தது 1997-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின்னர், 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான். பிரதமர், உள்துறை அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர் ஆகிய மூவர் குழுவின் பரிந்துரைப்படியே அதன் ஆணையரை நியமிக்க வேண்டும் என்று விதியாயிற்று.

குழு அமைத்துவிட்டால் போதுமா? போதாது. 2011-ல் ஓர் ஆணையரின் நியமனத்தையே உச்ச நீதிமன்றம் செல்லாதென்று தீர்ப்பளித்தது. அவர்மீது நிலுவையிலிருந்த வழக்கைப் பற்றிய முக்கியமான விவரங்களைக் குழு கருதிப் பார்க்கவில்லை என்பதே காரணம். ஆளைப் பார்ப்பதோடு ஆவணத்தையும் பார்த்தல் வேண்டும்.

2013-ல் ஓய்வு பெற்ற மூத்த அதிகாரிகள் தொடுத்த வழக்கில் அந்நீதிமன்றம் மூன்று கட்டளைகளை இட்டது. மாற்றல்களை ஆராய ஒரு வாரியம் வேண்டும். பதவியில் குறைந்தபட்சக் காலம் இருத்தல் வேண்டும். வாய்மொழி உத்தரவுகளை எழுத்தில் பதிதல் வேண்டும். மறு ஆண்டில் திருத்தப்பட்ட விதிகள் இந்திய ஆட்சிப் பணியாளருக்கு இரண்டாண்டுக் காலத்தை வகுத்தன. எனினும், காரணத்தைப் பதிவு செய்து வாரியத்தின் கருத்தை அரசு தள்ளிவிடவும் அவ்விதிகள் இடமளிக்கின்றன.

இம்மூன்றனுள் எழுத்துப் பதிவையே நாம் முதன்மையாகக் கருதுகின்றோம். தீர்மானப் புத்தகத்தில் ஏறாத கடனை நம் சங்கம் வழங்குமா? எழுதிய உத்தரவு நேர்மையான அதிகாரிக்குக் கவசம். தவறு செய்பவருக்குக் கடிவாளம். இட்டவர் யார், செய்தவர் யார் என்பதை அது மறைக்கவிடாது. நிலையான பதவிக்காலம் சோம்பலுக்குப் புகலிடமாகாமல் காப்பதும் அப்பதிவேயாம்.

இதில் அங்கத்தினர்களாகிய நமக்கும் கடமை உண்டு. மனுவை எழுத்தில் கொடுப்போம். அதற்கு அத்தாட்சி பெறுவோம். பதில் வாராதபோது 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விவரம் கேட்போம். கேட்பவர் இருக்குமிடத்திலேதான் பொறுப்பு நிலைக்கும்.